எண்ணெய் சென்சார் விஷயமாக

டேய் நண்பா,

மகன் தேசிய சேவையை முடித்துவிட்டானா, ரொம்பச் சந்தோஷம். நான் அதே தோ பாயோ வீட்டில்தான், முட்டிவலிதான் புதுசு. அதை விடு.

பொரித்த எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கிற உன் மைக்ரோவேவ் சென்சாரை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து மேலே கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிர்வெண் கூடினால், எண்ணெய் மாறும்போது வருகிற ஒத்ததிர்வு நகர்வும் கூடும்தான், ஆனால் ஒத்ததிர்வுப் பள்ளமும், அதாவது அதிர்வெண் வளைவில் சிக்னல் சட்டென்று இறங்குகிற இடமும், சேர்ந்து அகலமாகும், கையில் மிஞ்சுவது பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீரின் விடுதிறன், அதாவது மின்புலத்தில் மின்னாற்றலை எவ்வளவு தேக்கும் என்கிற அளவு, அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட 78, சமையல் எண்ணெய்க்கு 3 பக்கம்தான். பொரிக்கப் பொரிக்க முனைவுச் சேர்மங்கள் (மின்முனை உள்ள மூலக்கூறுகள்) சேர்ந்து அது கொஞ்சமாக ஏறும், அந்தக் கொஞ்சத்தைத்தான் நீ பிடிக்க வேண்டும். பள்ளம் மழுங்கிக் கிடந்தால் எப்படிப் பிடிப்பாய்?

ஆகவே முதலில் சென்சாரின் சர்க்யூட் பலகையை மாற்று. சாதாரணப் பலகையான எஃப்ஆர்4-இன் மின்காப்பு இழப்பு 0.02 அளவு, நீ செம்பை எவ்வளவு அழகாக வரைந்தாலும் கியூ மதிப்பு, அதாவது பள்ளம் எவ்வளவு கூர்மை என்கிற எண், 50 பக்கத்திலேயே முட்டி நிற்கும். ரோஜர்ஸ் 4003சி என்கிற உயர் அதிர்வெண் பலகையில் இழப்பு 0.0027தான். விலை கடிக்கும், ஆனாலும் வாங்கு. அப்புறம் எண்ணெய்க் குழாய், ரெசனேட்டராக (ஒத்ததிர்கிற பகுதியாக) இருக்கிற பிளவு விட்ட செம்பு வளையத்தின் இடைவெளிக்கு நேர் மேலே, மின்புலம் அடர்ந்திருக்கிற இடத்தில் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் மெல்லிய காற்று இடைவெளி விழுந்தாலும் உணர்திறன் சட்டென்று குறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி வெப்பம். நம் ஊரில் ஏர்கான் அறைக்கும் உணவங்காடிக் கடைக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியாததா? எண்ணெய் சில டிகிரி சூடானாலே அதிர்வெண் நகரும், கெட்டதால் நகர்ந்ததா சூட்டால் நகர்ந்ததா என்று ஒற்றை ரெசனேட்டரால் சொல்ல முடியாது. ஒரே பலகையில் இரண்டு போடு, ஒன்றில் புது எண்ணெய், மற்றதில் சோதிக்க வேண்டியது, இரண்டும் ஒரே சூட்டில் இருக்கட்டும், வித்தியாசத்தை மட்டும் படி.

தண்ணீரையும் காற்றையும் வைத்து அளவுத்திருத்தம் செய்கிற பழக்கத்தையும் விட்டுவிடு. கட்டுரைகளில் பெரிய எண் காட்ட அது நன்றாக இருக்கும், விடுதிறன் 3-க்குப் பக்கத்தில் அளக்கிற உனக்கு உதவாது.

பலகை வாங்கும் முன் இப்போதைய வளைவை எண்ணெய் இல்லாமலும் எண்ணெயோடும் அளந்து அனுப்பு, பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்யாதே, பேத்தி இருப்பாள், என்னைப் பேச விடமாட்டாள்.

உன் பழைய கூட்டாளி