வெள்ளத்தில் நிற்கும் சாலைக்குப் பச்சைக் கோடு காட்டும் கார்: ஒரு புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்

பொருள்: கார்களுக்கிடையே தகவல் பகிரும் சேவையின் குறைபாடு – சந்தாவைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

உங்கள் காரை வாங்கும்போது ஷோரூமில் இன்ஜினைப் பற்றிப் பேசியதைவிட ‘வண்டிகள் ஒன்றோடொன்று பேசும்’ வசதியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். முன்னால் போகும் உங்கள் கார்கள் கண்ட பள்ளம், வெள்ளம், விபத்து எல்லாம் என் திரைக்கு வந்துவிடும் என்றார்கள். முதல் ஆண்டு இலவசம். இப்போது சந்தா கட்டுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வடகிழக்குப் பருவமழையின்போது மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர் போக, துரைசாமி சுரங்கப்பாதை வழியே திரை பச்சைக் கோடு போட்டது. ‘பாதை சீராக உள்ளது’ என்று எழுத்திலும் காட்டியது. போய்ப் பார்த்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, போலீசார் பேரிகேடு போட்டு மறித்திருக்கிறார்கள். பெருமழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும் என்பது மாம்பலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

சர்வீஸ் சென்டரில், “நெட்வொர்க் பிரச்சினை சார், அப்டேட் போட்டால் சரியாகிவிடும்” என்றார்கள். போட்டார்கள், சரியாகவில்லை. அப்புறம் உங்கள் உதவிப் பிரிவு மின்னஞ்சலில் ஒரு விளக்கம் அனுப்பியது: “கடைசியாகக் கிடைத்த தகவலின் அடிப்படையில் பாதை நிலை காட்டப்படுகிறது.” கோளாறே அதுதான். தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதைக்குள் எந்தக் காரும் இறங்காது. இறங்காத காரிடமிருந்து தகவலும் வராது. ஆகவே மழைக்கு முன்னால் கடைசியாக அந்த வழியே போன கார் சொன்னதையே சர்வர் பிடித்துக்கொண்டிருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? நிலைமை மோசமாக ஆக, தகவல் சொல்ல வண்டியே இல்லாமல் போகும் ஊரில், பழைய தகவலுக்கு ஒரு காலக்கெடு வைக்க வேண்டும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு ஏன் தோன்றவில்லை? ‘தெரியவில்லை’ என்று திரை காட்டியிருந்தால் நான் வேறு வழியில் போயிருப்பேன்.

எச்சரிக்கைகளும் இதே லட்சணம்தான். நான்கு இண்டிகேட்டரையும் ஒரு கார் எரியவிட்டால் பின்னால் வரும் கார்களுக்கு ‘முன்னே ஆபத்து’ என்று போகிறது. இதே மாதிரி ஒரு வசதியை வால்வோ 2016-இல் ஸ்வீடனிலும் நார்வேயிலும் கொண்டுவந்தது. அங்கே பழுதாகி நின்றால்தான் அந்த விளக்கைப் போடுவார்கள் போலும். நம் ஊரில் மழை வந்தால் போடுவார்கள், சிக்னலில் நேராகப் போவதற்குப் போடுவார்கள், கல்யாண மண்டப வாசலில் நிறுத்திவிட்டும் போடுவார்கள். முகூர்த்த நாளில் என் திரை முழுக்க ஆபத்து. ஒரு வண்டி சொன்னதை நம்பலாமா, பின்னால் வந்த வண்டிகளும் அங்கே வேகம் குறைத்தனவா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் எல்லாரிடமும் பரப்புவதற்குப் பெயர் வதந்தி.

இன்னொன்று. வண்டிகள் ‘ஒன்றோடொன்று பேசும்’ என்பதே விளம்பரத்தில் மட்டும்தான். ஃபோக்ஸ்வாகன் 2019-இல் அறிமுகம் செய்த எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில், பக்கத்தில் உள்ள வண்டிகளோடு ரேடியோ அலையில் நேரடியாகப் பேசும் வசதி உண்டு. அதற்கு செல்போன் டவர் தேவையில்லை. உங்கள் காரில் இருப்பதோ ஒரு சிம். எனக்கு முன்னால் போகும் கார் கண்டது முதலில் உங்கள் சர்வருக்குப் போய், அங்கிருந்து எனக்குத் திரும்பி வர வேண்டும். மழையில் டவர் படுத்தால் சேவையும் படுத்துவிடும். சேவை தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான். விற்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு வருவது பழைய தகவல். என்னிடமிருந்து போவது மட்டும் அப்போதைக்கப்போது போகிறது: இடம், வேகம், பிரேக் அழுத்தம். அது யார் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். ‘சேவை மேம்பாட்டுக்காகக் கூட்டாளிகளுடன்’ என்று பதில். கூட்டாளிகள் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், ஓட்டுநர்களின் இருப்பிடத்தையும் பிரேக் பிடிக்கும் பழக்கத்தையும் உரிய சம்மதம் வாங்காமல் விற்றதாக 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அந்தத் தகவல் காப்பீட்டுக் கட்டணத்தைத் தீர்மானிக்கவும் பயன்பட்டது. மாடும் ஷேர் ஆட்டோவும் குறுக்கே வரும் ஊரில் சட்டென்று பிரேக் போடுகிறவன் மோசமான ஓட்டுநர் இல்லை. இந்தியாவிலும் ஓட்டும் விதத்தைப் பார்த்துக் கட்டணம் வைக்கும் திட்டங்களுக்கு 2022-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ அனுமதி தந்திருக்கிறது என்பதால் கேட்கிறேன்.

ஒவ்வொரு எச்சரிக்கையோடும் அது எத்தனை நிமிடத்துக்கு முந்தையது, எத்தனை வண்டிகள் சொன்னது என்பதையும் காட்டுங்கள்; புதிய தகவல் இல்லாத இடத்தில் பச்சைக் கோட்டை எடுத்துவிடுங்கள். என் காரிலிருந்து எடுத்த தகவல்களின் நகலும், அவற்றைப் பெற்றவர்களின் பட்டியலும் எனக்கு வேண்டும். பகிர்வை நிறுத்தினால் கார் பூட்டைத் திறக்கும் வசதியும் சேர்ந்து நின்றுபோகும்படி செயலியில் வைத்திருப்பதைப் பிரித்துவிடுங்கள். இதுவரை கட்டிய சந்தாவைத் திருப்பித் தாருங்கள்.

30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சேவைக் குறைபாடு என்று சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. திரையின் படங்களும் உங்கள் மின்னஞ்சலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
மேற்கு மாம்பலம், சென்னை