ஓதுவார் குரல் பதிவு அறை: திருப்பணி நிறைவு அறிக்கை

திருக்கோயில் உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

முருகன் அருளால் மடப்பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் அறை, தேவாரமும் திருப்புகழும் பதிவு செய்யும் அறையாகி வேலை முடிந்துவிட்டது. அருணகிரிநாதர் பாடிய பூம்பாறை நம் கொடைக்கானல் மேல்மலையில்தான் இருக்கிறது. அந்தச் சந்தங்களை நம் பிள்ளைகள் ஓதுவார் குரலைக் கேட்டே படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். தணிக்கையான வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் இருக்கிறது. வாங்கிய பொருள்களையும், அவற்றை வாங்கிய வரிசையையும், அதற்கான காரணங்களையும் மட்டும் இங்கே சொல்கிறோம். “முதலில் மைக்கை வாங்கிவிடலாமே” என்று பலர் கேட்டீர்கள். மைக் நான்காவதாகத்தான் வந்தது.

முதல் செலவு கூரைக்கு. தகரத்தில் மழை விழுந்தால் எவ்வளவு உயர்ந்த மைக்காக இருந்தாலும் மழையைத்தான் பதிவு செய்யும். தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டு, ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பரப்பி, 12 மி.மீ. ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு அடித்தோம். சுவரில் 50 மி.மீ. ராக்வுல்லைச் சட்டத்தில் கட்டி, சுவரை ஒட்டாமல் 50 மி.மீ. தள்ளி மாட்டியிருக்கிறோம். அந்த இடைவெளி இரண்டு விதத்தில் உதவுகிறது: இன்னும் கீழ்க்குரலின் எதிரொலி வரை அடங்கும், பனிக்காலத்தில் சுவரின் ஈரமும் பஞ்சில் ஏறாது. வெறும் கம்பளியைத் தொங்கவிட்டால் மேல் ஓசை மட்டும் செத்து, கீழ் ஓசை அப்படியே நின்று, குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். மின்விசிறியோ ஏசியோ தேவைப்படாதது நம் ஊர் செய்த உதவி.

இரண்டாவது எர்த். பாறை நிலம் என்பதால் குழி சுலபத்தில் இறங்கவில்லை. கரியும் உப்பும் போட்டு, அளவு 5 ஓமுக்குக் கீழே வந்த பிறகே ஒயரிங் தொடங்கினோம். பதிவுக் கருவிகள் அனைத்தும் ஒரே எர்த்தில், ஒரே பிளக் பலகையில் இருக்கின்றன. இரண்டு சுவர்களிலிருந்து கரண்ட் எடுத்தால் எர்த் இரண்டு வழியில் சுற்றி 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்துவிடும். யூபிஎஸ் சுத்த சைன் அலை தருவது. மலிவான இன்வெர்ட்டரின் சதுர அலை பதிவில் ‘ர்ர்’ என்று கேட்கும். இடி இடித்தால் பதிவை நிறுத்திப் பிளக்கைக் கழற்ற வேண்டும். சர்ஜ் கருவி இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, மைக் வைக்கும் காற்றுப் புகாத உலர் பெட்டி. மைக்குக்கு முன்பே இதை வாங்கியதற்குக் காரணம் மூடுபனி. கண்டன்ஸர் மைக் என்பது மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய தகட்டால் குரலை வாங்கும் வகை. அந்தத் தகடு மிக மிக உயர்ந்த மின்தடையில் வேலை செய்கிறது. அதில் ஈரமும் தூசியும் படிந்தால் மின்னூட்டம் கசிந்து பொரி வெடிப்பது போல் சத்தம் வரும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருக்க வேண்டும். சிலிக்கா ஜெல் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறினால் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடலாம்.

இனி மைக். ரேடியோ அலைவரிசை முறையில் இயங்கும் கண்டன்ஸர் ஈரத்தை நன்றாகத் தாங்கும். இந்த ஊருக்கு அதுதான் மிகப் பொருத்தம். ஆனால் அதில் ஒன்றின் விலையில் மற்றவை இரண்டு வரும். அதனால் பெரிய தகடு கொண்ட சாதாரண கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும்) கண்டன்ஸர் ஒன்றும், பனி நாள்களுக்குக் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு இயங்கும் டைனமிக் மைக் ஒன்றும் எடுத்தோம். டைனமிக்கில் ஷூர் எஸ்எம்7பி பேச்சில் இருந்தது. அதற்குக் குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நாம் தேர்ந்தெடுத்த பிரீஆம்பில் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) அது விளிம்பில் வரும், இரைச்சலும் கூடவே ஏறும். ஆகவே மேடையில் எல்லோரும் அறிந்த எஸ்எம்58 போதும் என்று முடிவானது.

கேபிள் 6 மீட்டரில் நான்கு ஆர்டர் செய்தோம். வந்தவற்றில் ஒன்றில், பிளக்கின் மூன்று பின்களில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் மாறியிருந்தன. இதைத் தனியாகப் பதிவு செய்து கேட்டால் யாருக்கும் தெரியாது. பாடுகிறவர் ஹெட்போனில் கேட்கும்போதுதான் தெரியும்: எலும்பு வழியாக வரும் தன் குரலும் ஹெட்போன் குரலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, அடிக்குரல் காணாமல் போகும். “என் குரல் ஒல்லியாகக் கேட்கிறது” என்று ஓதுவார் சொன்னால் தொண்டையைச் சந்தேகிக்காமல் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கடைக்காரர் அதை மாற்றித் தந்துவிட்டார். நான்கையும் மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று.

ஐந்தாவது, பிரீஆம்பும், ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸும் ஒரே பெட்டியாக. அட்டையில் உள்ள எண்களில் நாங்கள் பார்த்தது உள்ளீட்டு இரைச்சல்: மைனஸ் 128 டிபியூ (டெசிபல் வகை அலகு). 150 ஓம் தடை ஒன்று சும்மா இருந்தாலே மைனஸ் 131 வரும். அதைவிடவும் இரைச்சல் குறைவு என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

குரலின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸர் கருவியைத் தனியே உபயமாகத் தர ஒரு அன்பர் முன்வந்தார். அவர் சம்மதத்துடன் அந்தத் தொகையை உலர் பெட்டிக்கும் மூடிய வகை ஹெட்போன்களுக்கும் மாற்றினோம். விருத்தம் பாடுகையில் தாழ்ந்து தொடங்கி உச்சஸ்தாயியில் நிற்பதுதான் அழகு. பதிவாகும்போதே அதை அமுக்கிவிட்டால் பிறகு எதைக் கொண்டும் திருப்ப முடியாது. கணினியில் பிறகு செய்தால் தவறினாலும் மறுபடி செய்யலாம்.

அங்கேயும் வரிசை முக்கியம். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, அதன் பிறகே கம்ப்ரஸர். மாற்றிப் போட்டால், தரையில் கால் வைத்த அதிர்வுக்கெல்லாம் கம்ப்ரஸர் குரலை இழுத்து அமுக்கும். வெட்டினால் பாட்டு குறையுமோ என்று அஞ்ச வேண்டாம்: 1 கட்டையில் பாடும் ஆண்குரலின் ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமமே 98. அமுக்கம் 2:1, குறைப்பு 3 டெசிபல், தொடக்கத் தாமதம் 20 மில்லிசெகண்ட். தாமதத்தை இன்னும் குறைத்தால் திருப்புகழின் வல்லின ஒற்றுகள் மழுங்கிச் சந்தம் தொய்ந்துவிடும்.

பாடும்போது கவனிக்க வேண்டியவை: மைக்குக்கு ஒரு சாண் தூரம், நடுவில் மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். நெருங்க நெருங்கக் கீழ்க்குரல் வீங்கும். ‘ப’கரம் காற்றாய் அடிக்கும். விடியற்காலையில் மைக் சில்லென்று இருக்கும், மூச்சுக்காற்று அதன் தகட்டில் பனிக்கும். ஆகவே 48 வோல்ட் பேண்டம் பவரை (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதலில் உச்ச வரியைப் பாடச் சொல்லி, அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (பெருக்கத்தை) வையுங்கள். சுருதிப் பெட்டி ஹெட்போனில் மட்டும் ஒலிக்கட்டும். கைத்தாளத்தைத் தனியே பதிவு செய்யலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 520 எம்பி. இரண்டு பிரதிகளில் ஒன்று கோயிலிலும் ஒன்று மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலும் இருக்கும். அறைச் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. எடுப்பவர்கள் பதிவேட்டில் பெயருடன் உலர் பெட்டியின் ஈரப்பத அளவையும் எழுதிக் கையொப்பமிட வேண்டுகிறோம்.

திருப்பணிக் குழு