அகம் வேறு, நான் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மனநலக் கட்டுரையில் ஒரு வரி: 'அகம் என்றால் நான், அகத்தைத் தேடுவது நம்மையே தேடுவது.' அச்சகத்தில் 30 ஆண்டு மெய்ப்புத் திருத்தியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

'நான்' என்று பொருள்படும் அகம் வடமொழிச் சொல். அகங்காரம், அகந்தை எல்லாம் அதன் வழி வந்தவை. தமிழ் அகத்துக்கு உள்ளிடம், வீடு, மனம் என்று பொருள். நூலகத்திலும் அச்சகத்திலும் இருப்பது அதுதான். 'நெஞ்சத்து அகநக நட்பது நட்பு' என்ற குறள் தங்களுக்குத் தெரியாததா? அங்கே 'நான்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

அகப்பாட்டில், அதாவது பழந்தமிழ்க் காதல் பாட்டில், தலைவன், தலைவி பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. கூடியிருந்த இருவரும் தங்களுக்குள்ளேகூட 'இப்படி இருந்தது' என்று சொல்லிக்கொள்ள முடியாமல், உள்ளத்தால் மட்டுமே உணர்கிற இன்பம், அதனால்தான் அது அகம் என்றார் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர். இன்னொருவர் மேல் வைத்த அன்பு அதில் இருந்தது. இப்போது 10 நிமிடம் கண்ணை மூடித் தன்னையே பார்த்துக்கொள்வது அகம் என்றாகிவிட்டது.

அப்பா இறந்தபிறகு தினமும் சாயங்காலம் அம்மா அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறப்பார். இரண்டு வில்லையையும் முந்தானையால் துடைப்பார், கம்பியை மடக்கிக் கூட்டை மூடி வைப்பார். 11 வருடம் அப்படி. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த அம்மாவைத்தான் ஓர் உறவினர், உங்கள் இதழின் இன்னொரு கட்டுரையைப் படித்துவிட்டு, 'இன்ட்ரோவர்ட்', அதாவது அகமுகர், என்றார். உளவியலாளர் யுங் 1921இல் அந்தச் சொல்லை விளக்கியபோது, மனத்தின் ஆற்றல் உள்ளே திரும்புகிறதா, வெளியே திரும்புகிறதா என்பதைத்தான் பேசினார். நீங்கள் அதைக் கூச்சம் என்று ஆக்கி, அதைப் போக்க வழியும் சொன்னீர்கள். அப்போதே 2 பக்கம் எழுதினேன். 2 வரியாக வெட்டிப் போட்டீர்கள். அதிலும் 'அகம்' என்பது 'ஆகம்' என்று அச்சாகியிருந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

சரி, இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள்: 'நான்' என்று பொருள் தருவது வடமொழி அகம், தமிழ் அகம் அல்ல. அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்