ஹெச்பிஏ1சி எண் எங்கே பிசகுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சர்க்கரை நோயைக் கண்டறிய, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை ஒன்றே போதும் என்ற எண்ணம் பரவியிருப்பது கவலை தருகிறது.

இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் (சர்க்கரை), சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலி முனையிலுள்ள வாலின் என்ற அமினோ அமிலத்தில் நொதியின் உதவியின்றித் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. முதலில் அந்தப் பிணைப்பு தளர்வானது, பிரிந்துவிடக்கூடியது. பிறகு அமைப்பு மாறி நிலைத்துவிட்டால், சிவப்பணு அழியும்வரை போகாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால்தான் இந்த எண் 2, 3 மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிறது. (அதில் ஏறத்தாழப் பாதி, கடைசி ஒரு மாதத்தின் பங்கு.)

ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் இரத்தசோகையில் எண் பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாக ஏறும். ஆகவே சர்க்கரை நோய் எனக் கொள்ளும் 6.5 சதவீத எல்லையை ஒட்டி முடிவு வந்தால் ஹீமோகுளோபின் அளவையும், 8 மணி நேரம் உண்ணாதிருந்து எடுத்த சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மி.கி.யை எட்டுகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஹெச்பிஏ1சியும் இந்தச் சர்க்கரை அளவும் முரண்பட்டால், இரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃபிரக்டோசமைன் பரிசோதனை உதவும். அது சிவப்பணுவைச் சாராமல் 2, 3 வார நிலவரம் சொல்லும். சிறுநீரில் புரதம் அதிகம் வெளியேறுபவர்களுக்கு அதுவும் பொருந்தாது.

இன்னொன்று: உண்ணாதிருந்து எடுக்கும் சர்க்கரை அளவும் பிசகலாம். எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால், அதிலுள்ள அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைச் செலவழித்துவிடும். ஃபுளோரைடு கலந்த குழாயும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இதை முழுதாகத் தடுப்பதில்லை. குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, 30 நிமிடத்துக்குள் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய திரவப் பகுதியை) பிரித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்