முதலில் ஜன்னலைத் திறங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலை விட்டு வெளியே போகும் பயிற்சி பற்றி, அதாவது இப்போது பிள்ளைகள் எல்லாரும் 'ஆஸ்ட்ரல்' என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எப்படிப் படுப்பது, மூச்சை எப்படி விடுவது, மேலே ஒரு கயிறு தொங்குவதாக நினைத்து எப்படி ஏறுவது என்றெல்லாம் விவரமாகத்தான் இருந்தது. பாதுகாப்புக்கு மட்டும் கடைசியில் நாலு வரி. அதிலும் உப்பு, கருப்புக் கயிறு, சாம்பிராணி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த நாலு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதையெல்லாம் படித்துவிட்டு மலையேறி வருகிறவர்களில் சிலர் எங்கள் வீட்டில்தான் வந்து தங்குகிறார்கள்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நானும் வீட்டுக்காரரும் இரண்டு அறையை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். போன மார்கழியில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள், நல்ல பிள்ளைகள், மரியாதையான பேச்சு. சாயங்காலம் ஒருத்தன் வந்து, "அக்கா, தூபக்காலும் கொஞ்சம் அடுப்புக்கரியும் கிடைக்குமா, சாம்பிராணி போடணும்" என்றான். சாமி கும்பிடத்தான் கேட்கிறான் என்று கொடுத்தோம். ராத்திரி வெந்நீர் கொடுக்கப் போனால் கதவு லேசில் திறக்கவில்லை, அடியில் துண்டைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள். குளிருக்கு ஜன்னலையும் சாத்தி, திரைக்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டு, கட்டிலைச் சுற்றிக் கல்லுப்பால் ஒரு வட்டம், நடுவில் கனகனவென்று கரி. கெட்டது எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதாம். ஒருத்தன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குமட்டல் வேறு. "வைப்ரேஷன் ஸ்டேஜ் வந்துருச்சுன்னு நினைக்கிறேன் அக்கா" என்கிறான், வெளியே கிளம்புவதற்கு முன்னால் உடம்பு அதிருமாம்! அது கரிப்புகை கண்ணு, வெளியே வா என்று இரண்டு பேரையும் திண்ணைக்கு இழுத்து வந்து உட்கார வைத்தோம். வீட்டுக்காரர் தூபக்காலைத் தூக்கிப் போய் முற்றத்தில் தண்ணீர் ஊற்றினார்.

மூடிய அறையில் கரி எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. சாம்பிராணி மணம் தூக்கலாக இருப்பதால் சந்தேகமே வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் ஒரு மயக்கம், அந்த மயக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், தலை சுற்றுவது, உடம்பு லேசாவது, மிதப்பது எல்லாமே இவர்கள் எதிர்பார்த்துப் படுக்கிற அறிகுறிகள்தான், அதனால் எழுந்து ஓட வேண்டிய நேரத்தில் 'வந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். பேயிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளப் போட்ட கவசம்தான் அந்த அறையில் இருந்த ஒரே ஆபத்து.

நான் இதைக் கேலி செய்கிற ஆள் இல்லை. எனக்கும் இந்த அனுபவம் உண்டு, சின்ன வயதிலிருந்தே அவ்வப்போது வரும். காதுக்குள் ஒரு இரைச்சல், உடம்பெல்லாம் மின்சாரம் ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு, அப்புறம் ஓட்டுக்குப் பக்கத்தில் மிதந்தபடி கீழே கட்டிலைப் பார்ப்பேன். அடுப்படி வரைக்கும் போயிருக்கிறேன், ஆனால் அங்கே கேஸ் சிலிண்டர் எப்போதும் மேடைக்கு வலப்பக்கம் இருக்கும், எங்கள் வீட்டில் அது இடப்பக்கம். ஆகவே நான் போனது எந்த அடுப்படி என்று இன்றைக்கும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 2002-இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்க் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும், வலிப்பு நோய்க்காகப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மூளையில் வலது பக்கம் குறிப்பிட்ட ஓர் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்தபோது, தான் மேலே மிதப்பதாகவும் கீழே தன் கால்களைப் பார்ப்பதாகவும் அந்தப் பெண் சொன்னார். உயிர்தான் போகிறது என்பவர்கள் போகிறது என்று நம்பட்டும், மூளைதான் காட்டுகிறது என்பவர்கள் அப்படியே சொல்லட்டும், எனக்குச் சண்டை இல்லை. எப்படிப் பார்த்தாலும் காப்பாற்ற வேண்டியது கட்டிலில் கிடக்கிற உடம்பை.

நம்முடைய பழைய கதைகள் சொல்வதும் அதைத்தான். கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் போகிற ஊர்க்காரர்கள் நாம், நமக்குத் திருமூலர் கதை தெரியாதா? சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் அழுததைப் பார்த்து மனம் பொறுக்காமல் அவன் உடம்புக்குள் புகுந்த அந்தச் சிவயோகி, முதலில் செய்த காரியம் தன் உடம்பைப் பத்திரமான இடத்தில் வைத்தது. அப்படி வைத்தும் திரும்பி வந்தபோது அது இல்லை. அருணகிரிநாதர் கிளியாகப் போன நேரத்தில் அவர் உடம்பை எரித்துவிட்டார்கள் என்பது திருவண்ணாமலையில் சொல்கிற கதை. ஆதிசங்கரர் அமருக ராஜாவின் உடம்பில் இருந்தபோது சீடர்கள் காவல் இருந்தார்களாம். கூடு பாய்ந்தவர்களே உடம்புக்குத்தான் காவல் தேடியிருக்கிறார்கள், யாரும் உப்பில் வட்டம் போட்டதாகக் கதையில் இல்லை.

புதிதாக முயற்சி செய்கிறவர்களைப் பயமுறுத்துவது பெரும்பாலும் ஒன்றுதான், நம் பாட்டிமார் அமுக்குவான் என்பார்களே அது. கண் முழிப்பு வந்துவிடும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும், அறையில் ஒரு ஆள் நிற்பது போலவே தோன்றும். கனவு காணும் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பு தசைகளைக் கட்டிப்போடுகிறது, அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்னால் நினைவு வந்துவிட்டால் இப்படி ஆகும். வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருபவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் போல இருப்பார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள், மாணவர்களிடம் இன்னும் அதிகம். மல்லாந்து படுத்தால் கூடும், தூக்கம் கெட்டால் கூடும். கட்டுரையில் சொன்ன முறையோ நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து, மறுபடி மல்லாந்து படுக்கச் சொல்கிறது! வராமல் என்ன செய்யும்? வந்தால் திமிறக் கூடாது. மூச்சு தன்னால் நடந்துகொண்டுதான் இருக்கும், அதைக் கவனித்துக்கொண்டு ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பார்த்தால் போதும், சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ விட்டுவிடும். அதே அடிக்கடி வந்து தூங்கவே பயமாக இருக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

உயிரையும் உடம்பையும் கட்டி வைத்திருப்பதாகச் சொல்கிற வெள்ளிக் கயிறு அறுந்துபோய்த் திரும்பி வர முடியாமல் போகுமா என்று எங்கள் வீட்டில் தங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கயிறு பற்றிய பேச்சு இவ்வளவு பரவியதில் சில்வன் முல்டூனும் ஹியர்வர்ட் காரிங்டனும் 1929-இல் போட்ட புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சத்தம் கேட்டாலோ, ஒன்றுக்கு வந்தாலோ முழிப்பு வந்துவிடும், அவ்வளவுதான். இதைவிட முக்கியமான விஷயத்தை யாரும் சொல்வதில்லை. 1971-இல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதிய அமெரிக்கர் ராபர்ட் மன்றோ, இன்றைக்குப் பாதி வகுப்புகள் அவர் பெயரைச் சொல்லித்தான் நடக்கின்றன, அவருக்கு முதன்முதலில் அந்த அதிர்வு வந்தபோது மூளையில் கட்டியோ என்று பயந்து டாக்டரிடம்தான் போனார். உடம்பைச் சுற்றி ஒளிக்கூடு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வதும் அவர் நிறுவனத்துப் பயிற்சியில் இருப்பதுதான். அதில் தப்பில்லை, மனசு அடங்கும். எங்கள் பாட்டி கவசம் சொல்லிவிட்டுப் படுத்தாலும் அதே பலன்தான், அதற்குக் காசும் கிடையாது.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. சேலத்தில் ஒரு வகுப்பில் என் தங்கை மகள் சேர்ந்தாள். முதல் நிலையில் வெளியே போகக் கற்றுத் தருவார்களாம், பாதுகாப்பு இரண்டாம் நிலையில்தானாம், அதற்குத் தனிக் கட்டணம். கதவைத் திறந்துவிட்டுப் பூட்டை அப்புறம் விற்கிற வியாபாரம் இது. பயத்தை அவர்களே கிளப்பிவிடுகிறார்கள், பயந்தவள் ஜி-பேயில் பணம் போட்டுத்தானே ஆக வேண்டும்?

என்னைக் கேட்டால் ஆரம்பிப்பவர்களுக்குப் பாதுகாப்பு இதுதான். அறையில் நெருப்பு வேண்டாம், ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லாதீர்கள், அப்படிக் கேட்டவர்களும் உண்டு. வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். காதில் ஏதோ அலை ஒலியை மாட்டிக்கொண்டு படுப்பதானால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கஞ்சாவோ தூக்க மாத்திரையோ போட்டுக்கொண்டு இதில் இறங்கவே கூடாது. பகோடா பாயிண்ட் பாறை விளிம்பில் கண்ணை மூடி உட்கார்வதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன், அது தியானம் இல்லை, அசட்டுத்தனம். ராத்திரி தூக்கத்தை உடைத்துப் பயிற்சி செய்துவிட்டு விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவில் இறங்கினால் அடிவாரம் போய்ச் சேர எந்தக் கயிறும் துணைக்கு வராது, ஆகவே மறுநாள் வண்டி ஓட்ட வேண்டும், பரீட்சை இருக்கிறது, மில்லில் மிஷின் முன்னால் நிற்க வேண்டும் என்றால் அன்றைக்கு ஒழுங்காகத் தூங்குங்கள்.

சிலர் தொடவே கூடாது, இதைத்தான் அந்தக் கட்டுரை எழுதியிருக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்கள், ஏனென்றால் தூக்கம் கெடுவதே வலிப்பைக் கிளப்பிவிடும். காதில் குரல் கேட்கிறவர்கள், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இப்போதுதான் வீட்டில் ஒரு சாவைப் பார்த்துவிட்டு, இறந்துபோனவரைச் சந்திக்கலாம் என்ற ஆசையில் வருகிறவர்கள். பகலிலும் தான் தானாக இல்லை, சுற்றியிருப்பது எல்லாம் சினிமா மாதிரி இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை 'முன்னேற்றம்' என்று குரு சொல்லக்கூடும், வீட்டில் இருப்பவர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. மந்திரிக்கக் கூட்டிப்போவதானால் போங்கள், கூடவே டாக்டரையும் பாருங்கள்.

ஆசிரியர் ஐயா, இனி இப்படி ஒரு கட்டுரை போட்டால் பக்கத்தின் கீழே ஒரு சின்னக் கட்டம் கட்டி, யார் இதைச் செய்யக்கூடாது என்பதையும், மனநல உதவிக்கு அரசு நடத்துகிற டெலி மானஸ் எண் 14416 என்பதையும் போட்டுவிடுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம், விருந்தினர் வருகிற வீடு),
நாகலூர், ஏற்காடு.