குளத்துப்புழையிலிருந்து செல்வராஜுக்கு

அன்புள்ள செல்வராஜ்,

வீட்டில் எல்லோரும் நலம். மழை விட்டதும் ரப்பர் பால்வெட்டு தொடங்கிவிட்டது. பிச்சைமுத்து அண்ணன் கொடுத்த எண்ணெயை மூட்டுக்குத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறாயா?

உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். தில்லியில் உள்ள ஓர் ஐரோப்பியத் தூதரகத்தின் அரசியல் பிரிவு அதிகாரி போன வாரம் மொழிபெயர்ப்பாளருடன் இங்கு வந்தார். எந்த நாடு என்பதை நேரில் சொல்கிறேன். நம் தொழிலாளர் லயங்களைச் சுற்றிப் பார்த்தார், சிலோனிலிருந்து வந்திறங்கியபோது அம்மாவுக்குக் கொடுத்த மண்டபம் முகாம் குடும்ப அட்டையை வாங்கி நெடுநேரம் படித்தார். பண்பான மனிதர். புறப்படும் நேரத்தில் என்னை மட்டும் முற்றத்துக்கு அழைத்தார். குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் இருக்கும், சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் பட்டியல் வேண்டுமாம்: பெயர், முகவரி, இலங்கை மலையகத்தில் இன்னும் உறவு வைத்திருப்பவர்கள், சங்கத்தில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். "இது அலுவல் முறையில் இல்லை, நண்பர்களுக்குள். யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் வந்து பார்த்ததிலோ நம்மிடம் விசாரித்ததிலோ தவறில்லை. 1961 வியன்னா உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, ஒரு நாட்டின் நிலைமைகளைச் சட்டப்படியான வழிகளில் அறிந்துகொள்வதைத் தூதரகத்தின் வேலை என்றே சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 41ஆம் பிரிவோ, அந்த நாட்டு அரசுடனான அலுவல் காரியங்களை வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகவோ அதனுடன் பேசி முடிவு செய்த அமைச்சகங்களின் வழியாகவோதான் நடத்த வேண்டும் என்கிறது. தேநீர் குடிக்கலாம், கூலி என்ன என்று கேட்கலாம். ஆள் பட்டியலை ரகசியமாகக் கேட்பது வேறு சங்கதி.

"சங்கத்தின் பெயருக்கு எழுத்தில் கேளுங்கள், கமிட்டியில் வைக்கிறேன், நகலைக் கொல்லம் கலெக்டருக்கும் அனுப்புவேன்" என்றேன். அவர் முகம் மாறவில்லை. சிரித்தபடி கைகொடுத்துப் போய்விட்டார். அன்றிரவே எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, கமிட்டித் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன்.

இப்போது கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. முருகனின் மகன் கொதிக்கிறான்: "சாதிச் சான்றிதழுக்கு நாம் நடக்காத நடையா? வெளிநாட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னால் ஃபைல் நகருமே மாமா!" அவன் கோபம் எனக்குப் புரிகிறது. தங்கைக்குக் கல்லூரி இடம் கைநழுவியதைக் கண்முன் பார்த்தவன். ஆனால் அந்த அதிகாரி அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இப்படித் தனியாக வந்து பேசுகிறவருக்குப் பின்னால் அவருடைய அரசு நிற்கிறதா என்பதே நமக்குத் தெரியாது.

அமெரிக்காவும் சோவியத்தும் போர் வரை போன 1962 கியூபா நெருக்கடி நினைவிருக்கிறதா? அக்டோபர் 26 அன்று வாஷிங்டனில் சோவியத் தூதரக அதிகாரி ஒருவர் (ஃபோமின் என்ற பெயரில் இருந்த உளவுத்துறைக்காரர்) ஜான் ஸ்காலி என்ற தொலைக்காட்சிச் செய்தியாளரைச் சாப்பாட்டுக்கு அழைத்துச் சமாதானத்துக்கு வழி பேசினார். ஸ்காலி அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, நேரே தன் வெளியுறவுத் துறையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மாஸ்கோ அந்த யோசனைக்கு அனுமதியே கொடுத்திருக்கவில்லை என்பது பிற்காலத்தில்தான் வெளிவந்தது. போர் மூளும் நேரத்திலேயே அப்படியென்றால், நம் முற்றத்தில் நடந்த பேச்சை எதை நம்பி ஏற்பது?

பட்டியல் என்றாலே எனக்கு வயிறு கலங்குகிறது, செல்வராஜ். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, மலையகத் தோட்டங்களில் இருந்த நம்மைத் தொகையாக எழுதினார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் நின்ற 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். நம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. நீ கோத்தகிரித் தேயிலைக்கும் நான் இந்த ரப்பருக்கும் வந்து சேர்ந்தது அப்படித்தான். இன்னொரு பட்டியலை என் கையால் எழுதி, எங்கே போகும் என்று தெரியாமல் கொடுக்க மாட்டேன். பெயர் அவரவருடையது, கொடுப்பதென்றால் அவரவர் வாயால் கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் உன்னிடமிருந்து ஒன்று தெரிய வேண்டும்: உங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இப்படி யாராவது வந்தார்களா, பட்டியல் கேட்டார்களா, யாராவது கொடுத்தார்களா? போனில் வேண்டாம், எழுது. காசிமணியிடம் மட்டும் விசாரிக்காதே. அவன் காதில் விழுந்தால் குன்னூர் வரை பரவிவிடும்.

அன்புடன்,
தங்கவேலு