கயிறு இருக்கட்டுமா, போகட்டுமா? இயக்குநர் குழுவுக்கு ஓசூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நம் விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனியின் ஓசூர் யூனிட்டில் பெயின்ட் பிரிவில், அதாவது சினிமாக் காட்சியில் தெரியக் கூடாததை அழிக்கும் பிரிவில், வேலை பார்ப்பவன். பெயர் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். போன முறை பெயர் போட்டு மெயில் அனுப்பியவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று எச்.ஆரைக் கேட்டால் சொல்வார்கள்.

தலைவருக்கும் மேலாண்மை இயக்குநருக்கும் என்ன தகராறு, எதில் ஆரம்பித்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடி. எங்களுக்கு அதெல்லாம் செய்தித்தாளில் வந்தால்தான் தெரிகிறது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஒரு ஷாட்டுக்கு அப்ரூவல் கொடுப்பவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும், அவர் யார் என்பதை எழுத்தில் தர வேண்டும். அவர் ஓகே சொன்னதை வேறொருவர் திருப்பி அனுப்பினால், அந்த ரீடேக் (திரும்பச் செய்யும் வேலை) ஆர்ட்டிஸ்ட் கணக்கில் ஏறக் கூடாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு கயிறு.

ஒகேனக்கல்லில் எடுத்த பரிசல் காட்சி ஒன்று எங்கள் யூனிட்டுக்கு வந்தது. எந்தப் படம் என்று சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாதுகாப்புக்காகப் பரிசலைத் தடித்த நைலான் கயிற்றில் கட்டி, கரையிலிருந்து ஆட்கள் பிடித்திருந்தார்கள். நல்ல காரியம், அந்தச் சுழலில் அப்படித்தான் செய்ய வேண்டும். திரையில் மட்டும் கயிறு தெரியக் கூடாது. அதை அழிப்பது எங்கள் வேலை.

உங்களில் சிலர் நிதித் துறையிலிருந்து வந்தவர்கள். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். சுவருக்கு முன்னால் தொங்கும் கயிறை அழிப்பது பெரிய விஷயமில்லை. பக்கத்துச் சுவரை எடுத்து மேலே ஒட்டிவிடலாம். ஓடும் தண்ணீரில் அது நடக்காது. ஒரு ஃபிரேமில் இருந்த நுரை அடுத்த ஃபிரேமில் இருக்காது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். பத்து நொடி ஷாட் என்றால் 240 முறை அந்தத் தண்ணீரைப் புதிதாக உண்டாக்க வேண்டும். நிறுத்திப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஓடவிட்டால் ஒட்டின இடம் தனியாக ஊர்வது கண்ணில் படும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. இதில் பரிசலின் விளிம்பில் கயிறு சுற்றியிருந்த இடத்தில் மூங்கில் பின்னலையே புதிதாக வரைய வேண்டியிருந்தது. பரிசல்காரரின் இரண்டு விரல்கள் கயிற்றுக்குப் பின்னால் மறைந்திருந்தன. அவற்றையும் நகத்தோடு வரைந்தாக வேண்டும்.

இதைச் செய்தது பென்னாகரம் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர். பாறைக்குப் பின்னால் நாங்கள் சேர்த்திருந்த நுரை தப்பான பக்கம் சுழல்கிறது, அங்கே தண்ணீர் அப்படித் திரும்பாது என்று அவரே சொல்லி, யாரும் கேட்காமலே திருத்தினார். தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கிறவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. அவருக்குத் தெரியும், அதனால் செய்தார்.

வெள்ளிக்கிழமை நாலாவது மாடி ஓகே சொன்னது. (எங்கள் யூனிட்டில் யாரும் இப்போது பெயர் சொல்வதில்லை. மேலாண்மை இயக்குநர் ஆட்கள் நாலாவது மாடி, தலைவர் ஆட்கள் ஆறாவது மாடி. எந்த கமென்ட் வந்தாலும் முதல் கேள்வி, ‘இது எந்த மாடி?’ என்பதுதான்.) திங்கட்கிழமை ஆறாவது மாடியிலிருந்து கமென்ட் வந்தது: கயிறு வேண்டும், கயிறு இருந்தால்தான் ரியலாக இருக்கும்.

பழைய ப்ளேட்டை (கேமராவில் எடுத்த அசல் காட்சியை) அப்படியே எடுத்துப் போட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். அதுவும் முடியாது. அதற்குள் பின்னால் நின்ற சுற்றுலாப் பயணிகளை அழித்தாகிவிட்டது, பாறையை உயர்த்தியாகிவிட்டது, எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்க்கும் காம்ப் பிரிவில் கூடுதலாகச் சாரல் சேர்த்துவிட்டார்கள். எனவே கயிறை மட்டும் ஃபிரேம் ஃபிரேமாக வெட்டியெடுத்துப் புதுத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். வைத்தார். புதன்கிழமை மாலை நாலாவது மாடி மறுபடி பார்த்தது. கயிறு எப்படி வந்தது என்று கோபப்பட்டது. எடுக்கச் சொன்னது. கூடவே ஷாட்டின் நீளத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, ‘கயிறு தெரியக் கூடாது, ஆனால் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிற ஃபீல் இருக்கட்டும்’ என்று ஒரு வரி. அந்த ஃபீல் எங்களுக்குப் புதிதல்ல.

அந்த வாரம் முழுக்க அவர் இரவில்தான் வேலை முடித்தார். விடியற்காலை ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்று, கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து வண்டி மாறி ஊர் போய்ச் சேரும் பெண் அவர். கம்பெனி வேன் செலவுக் குறைப்பில் போனது உங்களுக்கு நினைவிருக்கும். தீர்மானம் உங்கள் கூட்டத்தில்தான் நிறைவேறியது.

போன வாரம் மாதக் கணக்குச் சீட்டு வந்தது. அந்த ஷாட்டுக்கு நேராக அவர் பெயர். இரண்டு ரீடேக். காரணம் என்ற கட்டத்தில் ‘தரக் குறைபாடு’. இன்சென்டிவ் இல்லை. எச்.ஆரிடம் போய்க் கேட்டோம். இன்சென்டிவ் சம்பளத்தில் சேராது, ஆகவே இது பிடித்தம் ஆகாது என்று சட்டம் சொல்லி அனுப்பினார்கள். சட்டம் என்று பேச்சு வந்ததால் ஒன்று: 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரச் சொல்கிறது. இரண்டு மாடியும் கையெழுத்துப் போட்டால்தான் பேங்க்குக்குப் பட்டியல் போகும் என்ற நிலை வந்ததிலிருந்து, எங்களுக்கு ஏழாம் தேதி என்பது காலண்டரில் மட்டும்தான் வருகிறது. வண்டி இ.எம்.ஐ., வாடகை எல்லாம் அவரவர் தேதியில் சரியாக வந்து நிற்கின்றன. அவற்றுக்கு மாடி வித்தியாசம் கிடையாது.

அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஷாட்டைத் திறந்தார். எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அடுத்த ஷாட்டிலும் தண்ணீர் தப்பாகத்தான் சுழன்றது. காட்டினேன். ‘கமென்ட் வந்தால் பார்த்துக்கலாம் அண்ணா’ என்றார்.

மொரால் குறைகிறது, மொரால் குறைகிறது என்று உங்கள் கூட்டங்களில் பேசுவதாகக் கேள்விப்படுகிறோம். அது இதுதான். வேறெங்கும் தேட வேண்டாம். ராஜினாமா எண்ணிக்கையில் இது தெரியாது, ஏனென்றால் வேறு இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும் இங்கேயேதான் இருக்கிறோம். எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம், ஷாட் போகிறது, கண் மட்டும் போகவில்லை.

இதற்கு மருந்தாக எச்.ஆர். ஒரு சர்வே நடத்தியது. பெயர் சொல்லத் தேவையில்லை, மனம் திறந்து பேசுங்கள் என்று மேலே எழுதியிருந்தது. முதல் கட்டத்தில் எம்ப்ளாயி ஐ.டி. கேட்டிருந்தது. எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டோம். முடிவு பிரமாதமாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு சனிக்கிழமை யோகா வகுப்பு வைத்தார்கள். மூச்சை உள்ளே இழுங்கள், வெளியே விடுங்கள். அன்றைக்கும் டெலிவரி இருந்தது.

நீங்கள் மட்டும்தான் இப்படி என்று சொல்ல மாட்டேன். டிஸ்னியில் 2003 நவம்பரில் வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னி, தலைமைச் செயல் அதிகாரி மைக்கேல் ஐஸ்னரோடு மோதி, இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். அடுத்த மார்ச்சில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் 43 சதவீத ஓட்டுகள் ஐஸ்னருக்கு ஆதரவு தர மறுத்தன. அன்றைக்கே குழு அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது. 2005-ல் கம்பெனியை விட்டே போனார். அவர்களில் யார் நல்லவர் என்பது வேறு கதை. குழு என்று ஒன்று இருந்தது, கடைசியில் அது வாயைத் திறந்தது என்பதற்காகச் சொல்கிறேன். நம் ஊரில் ஜீ–சோனி இணைப்பைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள், 2024 ஜனவரியில் முறிந்தது. முறிந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இணைந்த கம்பெனிக்கு யார் தலைமை என்ற இழுபறி. இரண்டு வருடம் அங்கே கீழே வேலை பார்த்தவர்கள் யாருடைய முகத்தைப் பார்த்து வேலை செய்திருப்பார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

எங்கள் தொழிலில் மேலே நடப்பது கீழே தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. 2013-ல் ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனி திவால் மனு கொடுத்த இரண்டே வாரத்தில் அவர்கள் வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் இதே தொழிலில் இருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக நாற்பது கிலோமீட்டர், அவ்வளவுதான் தூரம். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் லாகின் செய்ததும் முதலில் பார்ப்பது, சர்வர் திறக்கிறதா என்றுதான். மத்திய பட்ஜெட்டில் 2022-லேயே அனிமேஷனுக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் பணிக்குழு அறிவித்தார்கள். எதிர்காலம் எங்கள் கையில் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எதிர்காலம் இருக்கட்டும், போன மாத இன்சென்டிவ் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சரி, நான் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனதை நாங்கள் தர்மபுரிப் பள்ளிகளில் பெருமையாகப் படித்தவர்கள். உங்கள் இரண்டு மாடிகளுக்கு நடுவே தூது போக எங்களிடம் ஔவை இல்லை. சூப்பர்வைசர்கள்தான் போய் வருகிறார்கள். பாவம், இரண்டு மாடியிலும் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தூது போக வேண்டியவர்கள் நீங்கள். அதற்குத்தான் அந்த நாற்காலி.

தலைவரும் மேலாண்மை இயக்குநரும் சமாதானமாக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அது உங்கள் பாடு, கோர்ட் பாடு. சண்டை எத்தனை வருடம் வேண்டுமானாலும் நடக்கட்டும். ஷாட்டுக்கு மட்டும் ஒரு கையெழுத்து. யாருடையதாக இருந்தாலும் சரி, நாலாவது மாடியோ ஆறாவது மாடியோ, எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. அந்தப் பெயரை எழுத்தில் தாருங்கள். மாடி மாறியதால் வந்த ரீடேக்குகளைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் சீட்டில் உள்ள ‘தரக் குறைபாடு’ என்ற வார்த்தையை அடித்துவிட்டு, தர வேண்டிய தொகையை அடுத்த சம்பளத்தோடு சேர்த்துத் தாருங்கள். தொகை உங்களுக்குப் பெரிதல்ல. உங்கள் கூட்டத்துக்கு வரவழைக்கும் டிபன் செலவில் அடங்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிவை மெயிலில் அனுப்பினால் போதும். யூனிட் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொல்லுங்கள், நைட் ஷிப்ட் ஆட்களுக்கு மெயில் பார்க்க நேரமிருப்பதில்லை. இரண்டு மாடியிலிருந்தும் ஆளுக்கொரு பதில் வந்துவிடாமல் மட்டும் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெயின்ட் பிரிவு ஊழியர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.